மனைவி பெயரில் இன்னொரு கணக்கு வேண்டாம்

வாசகர் கடிதம்: வீட்டு மின்சாதனங்களை நாமே பழுது பார்ப்பது பற்றி இரண்டு வருடமாக ஒரு வலைத்தளம் நடத்துகிறேன். தளத்தில் விளம்பரம் காட்டினால் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் கிடைத்துப் பத்து மாதமாகிறது. போன வாரம், என் கணக்கில் காட்டப்படும் விளம்பரங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியிருப்பதாக ஓர் அறிவிப்பு வந்தது. வருமானம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. விசாரித்ததில், என் அக்கா மகன் தன் நண்பர்கள் குழுவில் “மாமா சைட்டுக்குப் போய் விளம்பரத்தை ஒரு தட்டு தட்டுங்கடா” என்று போட்டிருக்கிறான். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தான். நானும் சும்மா இருக்கவில்லை. பத்தாயிரம் பார்வைகள் தருவதாகச் சொன்ன ஒருவருக்குப் பணம் கொடுத்து ட்ராஃபிக் வாங்கினேன். விதிமுறைகளைப் படிக்க உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. மனைவி பெயரில் இன்னொரு கணக்கு தொடங்கிவிடலாமா? கூகுளுக்கு எழுதினால் கேட்பார்களா? வயரிங் படங்களுக்கான டவுன்லோடு பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் விளம்பரம்தான் அதிகம் சம்பாதிக்கிறது. அதையாவது விட்டுவைக்கலாமா?

பதில்:

வணக்கம். பல வலைத்தளங்களின் விளம்பரக் கணக்குகளைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்வது என் தொழில். உங்களுடையதைப் போன்ற கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. மற்றவர்கள் மறைப்பதை நீங்கள் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டீர்கள், அதனால் என் வேலை பாதி முடிந்தது.

முதலில் மனைவி பெயர் விஷயம். செய்யாதீர்கள். உங்கள் மனைவிக்குச் சொந்தமாக ஒரு தளம் இருந்து, அதை அவரே நடத்தி, அவர் பெயரில் கணக்கு தொடங்கினால் அது வேறு. உங்கள் தளத்தை அவர் பெயருக்கு மாற்றி அதே பக்கங்களில் அதே இடங்களில் விளம்பரம் போடுவது, இருக்கும் கட்டுப்பாட்டிலிருந்து நழுவப் பார்ப்பதுதான். கூகுள் கண்காணிப்பது உங்கள் பெயரை மட்டுமல்ல. தளத்தின் முகவரி, வீட்டு முகவரி, பணம் பெறுபவரின் விவரம் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. வருமானம் 10 டாலரைத் தொட்டதும் வீட்டுக்கு ஒரு பின் எண் தபாலில் வந்ததே, நினைவிருக்கிறதா? முகவரியை உறுதி செய்துகொள்ளத்தான் அது. இன்றைக்கு உங்கள் கணக்கு கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, மூடப்படவில்லை. இன்னொரு கணக்கு தொடங்கினால் இரண்டையும் இழக்கும் வாய்ப்பை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள்.

கட்டுப்பாட்டுக்கும் கணக்கை மூடுவதற்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். கட்டுப்பாடு என்பது “உங்கள் தளத்துக்கு வருபவர்கள் மேல் எங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது, கொஞ்ச நாள் பார்க்கிறோம்” என்பது. பெரும்பாலும் 30 நாளுக்குள் நீங்கிவிடும், சில சமயம் நீளும். இதற்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் “எழுதினால் கேட்பார்களா” என்ற உங்கள் கேள்விக்கு இப்போதைக்குப் பதில், எழுத வேண்டியதில்லை என்பதுதான். அவர்கள் உங்கள் ட்ராஃபிக்கைத் தொடர்ந்து கவனித்து, தாங்களாகவே கட்டுப்பாட்டை எடுப்பார்கள் அல்லது வைத்திருப்பார்கள். செல்லாத ட்ராஃபிக், அதாவது போலிப் பார்வையும் போலிக் கிளிக்கும், என்ற காரணத்துக்காகக் கணக்கையே மூடிவிட்டால்தான் சிக்கல். மேல்முறையீடு தோற்றால் பிறகு அந்தத் திட்டத்துக்குள் திரும்ப வர இடமில்லை.

விதிமுறைகளைப் படித்தால் தலை சுற்றுகிறது என்கிறீர்கள். எனக்கும் சுற்றியிருக்கிறது. அதைச் சட்டப் புத்தகம் மாதிரி மனப்பாடம் செய்யப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அதற்குப் பதில், பணம் யாருடையது என்று பாருங்கள். உங்களுக்குப் பணம் தருவது கூகுள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தருபவர் எங்கோ இருக்கும் ஒரு விளம்பரதாரர். மிக்ஸி உதிரி பாகம் விற்கிற சின்ன வியாபாரியாகக்கூட அவர் இருக்கலாம். அவர் கட்டும் தொகையிலிருந்து விளம்பரம் வாங்கித் தரும் தளம் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது, மீதியில் 80 சதவீதம் ஆட்சென்ஸ் வழியாக உங்களுக்கு வருகிறது. உங்கள் அக்கா மகனின் நண்பர்கள் நாற்பது பேர் தட்டினார்கள் என்றால், அந்த வியாபாரியின் பையிலிருந்து நாற்பது தடவை காசு போனது. வாங்கியவர் ஒருவருமில்லை. அவர் கோபப்பட்டு விளம்பரத்தை நிறுத்தினால் நஷ்டம் எல்லாத் தளங்களுக்கும்தான். அதனால்தான் போலி என்று தெரிந்த தொகையைப் பிடித்து விளம்பரதாரருக்கே திருப்பித் தருகிறார்கள். மாத நடுவில் திரையில் தெரிவது மதிப்பீடு மட்டுமே. கணக்கு முடிக்கும்போது தொகை குறைவதற்கு இந்தப் பிடித்தமும் ஒரு காரணம்.

“வாசகர் தன் விருப்பத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்தாரா, தட்டினாரா?” உங்களைப் பயமுறுத்தும் விதிகளில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். ஒரு விதி புரியவில்லையென்றால், அந்த வியாபாரியின் நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

அக்கா மகனைத் திட்ட வேண்டாம். ஆனால் அந்தச் செய்தியை இன்றே நீக்கச் சொல்லுங்கள். நண்பர்களிடம் “இனித் தட்டாதீர்கள்” என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். நல்ல எண்ணத்தில் செய்தானா, கெட்ட எண்ணத்தில் செய்தானா என்று கணினிக்குத் தெரியாது. ஒரே ஊரிலிருந்து, ஒரே மாலையில், கட்டுரையைப் படிக்காமல் நேராக விளம்பரத்துக்குப் போன நாற்பது போன்கள்தான் அதற்குத் தெரியும். தளத்துக்குள்ளேயும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். “எங்களை ஆதரிக்க விளம்பரத்தைப் பாருங்கள்”, “உங்கள் ஒரு கிளிக் எங்களுக்கு உதவும்” என்ற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. விளம்பரத்தைக் காட்டும் அம்புக்குறியும் கூடாது. விளம்பரத்துக்கு மேல் தலைப்புப் போட்டால் ‘விளம்பரங்கள்’ அல்லது ‘ஸ்பான்சர் இணைப்புகள்’ என்று மட்டும்தான் போடலாம். ‘பயனுள்ள இணைப்புகள்’, ‘மேலும் படிக்க’ என்றெல்லாம் போட்டால் அது ஏமாற்று.

நீங்களே தவறுதலாகத் தட்டியிருந்தால்? பெரிய போன், சின்னப் பட்டன், எல்லோருக்கும் நடக்கும். ஒன்றிரண்டு தடவைக்காகக் கணக்கு போய்விடாது, அதைக் கழித்துவிட்டுப் போவார்கள். உங்கள் பக்கத்தை நீங்கள் திறந்து பார்க்கலாம், அதில் தவறில்லை. விளம்பரம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் தட்டுவதுதான் கூடாது. பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்வைகளைக் கூட்டுவதும் கூடாது. 2024 தொடக்கத்திலிருந்து ஆட்சென்ஸ் கிளிக்குக்குப் பதில் பார்வைக்கே பணம் தருகிறது. “அப்படியானால் கிளிக் விதி இனி இல்லை” என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். தவறு. போலிக் கிளிக்கும் கூடாது, போலிப் பார்வையும் கூடாது.

இப்போது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பத்தாயிரம் பார்வைகளுக்கு வருகிறேன். உங்கள் பிரச்சினைக்கு மூலம் அக்கா மகனைவிட இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. நாற்பது பேர் தட்டியது ஒரு நாள் சலசலப்பு. பத்தாயிரம் போலிப் பார்வை என்பது உங்கள் தளத்தின் முகத்தையே மாற்றிவிடும்.

குறைந்த காசுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்களைத் தருகிறேன் என்பவர் எங்கிருந்து தருவார்? சில இடங்களில் ஆளே இல்லை, மென்பொருள்தான் பக்கத்தைத் திறந்து மூடுகிறது. சில இடங்களில் ஆள் உண்டு. பக்கங்களைத் திறந்தால் சில்லறை தருவோம் என்று சொல்லி அவர்களைச் சேர்த்திருப்பார்கள். வேறு சில இடங்களில், யாரோ ஏதோ படம் பார்க்கப் போனபோது உங்கள் பக்கம் அவருக்குத் தெரியாமல் பின்னால் திறந்திருக்கும். மூன்றிலும் மிக்ஸியைப் பழுது பார்க்க வந்தவர் ஒருவரும் இல்லை. விற்றவர் பணத்தோடு போய்விடுவார், பொறுப்பு உங்கள் தலையில். “நான் வாங்கியது போலி என்று எனக்குத் தெரியாது” என்பதை ஒரு விளக்கமாக எந்த விளம்பரத் திட்டமும் எடுத்துக்கொள்வதில்லை. தளத்துக்கு வரும் ட்ராஃபிக்குக்குத் தளம் நடத்துபவரே பொறுப்பு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

தளத்துக்கு யார் எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் உங்கள் அனலிட்டிக்ஸைத் திறந்து, ட்ராஃபிக் வாங்கிய வாரத்தைப் பாருங்கள். வழக்கமாக உங்கள் வாசகர் தேடல் வழியாக வந்து, ஒரு கட்டுரையில் சில நிமிடம் நின்று, சிலர் அடுத்ததற்குப் போவார்கள். வாங்கிய கூட்டம் அப்படி இருக்காது. நீங்கள் எழுதும் மொழியே தெரியாத நாட்டிலிருந்து வந்திருக்கும், முகப்புப் பக்கத்தில் இரண்டு நொடி நின்றிருக்கும், ஒரே மாதிரித் திரை அளவில் இருக்கும், ராத்திரி பகல் பார்க்காமல் மணிக்கு இத்தனை என்று அளந்து ஊற்றியது மாதிரி வந்திருக்கும். எந்தெந்த வலைத்தளத்திலிருந்து வந்தது என்ற பட்டியலை எடுத்துக் குறித்துவையுங்கள். விற்றவரிடம் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மிச்சப் பணம் போனால் போகட்டும். நிறுத்திய பிறகும் வந்துகொண்டிருந்தால், அந்த மூலங்களைச் சர்வரிலேயே தடுக்க உங்கள் ஹோஸ்டிங்காரர் உதவுவார். சந்தேகமான ட்ராஃபிக்கை நாமே தெரிவிக்க ஆட்சென்ஸ் உதவிப் பக்கத்தில் ஒரு படிவம் உண்டு. அதில் நடந்ததை நடந்தபடி எழுதலாம். உடனே பதில் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

பணம் கொடுத்து ஆட்களை அழைப்பதே குற்றமா என்றால், இல்லை. தேடல் விளம்பரம் போட்டு, சமூக ஊடகத்தில் ஒரு பதிவை விளம்பரப்படுத்தி வாசகரைக் கொண்டுவரலாம். அங்கே வருபவர் யார், ஏன் வந்தார் என்று உங்களுக்குத் தெரியும். எண்ணிக்கையை மட்டும் விற்பவரிடம்தான் வாங்கக் கூடாது.

சரி, டவுன்லோடு பட்டன். “அதுதான் அதிகம் சம்பாதிக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் சம்பாதிக்கிறது என்று யோசித்தீர்களா? வயரிங் படம் வேண்டி வந்தவர், பச்சை நிறத்தில் ‘டவுன்லோடு’ என்று எழுதிய விளம்பரத்தை உங்கள் பட்டன் என்று நினைத்துத் தட்டுகிறார். அது சம்பாத்தியம் இல்லை, தடுமாற்றம். எனக்கே இதில் சூடு பட்டிருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தளத்தில் நான்கு படங்களை வரிசையாக வைத்து, சரியாக அதற்குக் கீழே நான்கு விளம்பரங்கள் வருகிற மாதிரி அமைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. கிளிக் இரண்டு மடங்கானது. நான் கெட்டிக்காரன் என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன், மூன்றாவது வாரம் எச்சரிக்கை வந்தது. படத்துக்கும் விளம்பரத்துக்கும் சம்பந்தம் இருப்பது போலத் தோன்றச் செய்தது விதிமீறல். எனக்கு அழகாகத் தெரிந்தது, வாசகருக்குப் பொறியாக இருந்திருக்கிறது.

ஆகவே அந்த விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். டவுன்லோடு பட்டன், மெனு, ‘அடுத்த பக்கம்’ இணைப்பு, வீடியோ ஓட்டும் பொத்தான் என்று விரல் போகும் இடங்களிலிருந்தெல்லாம் விளம்பரம் தள்ளி இருக்கட்டும். போனில் பார்க்கும்போது பக்கம் ஏறும் வேகத்தில் விளம்பரம் திடீரென்று நுழைந்து எழுத்தைக் கீழே தள்ளினால், தட்டப் போன விரல் விளம்பரத்தில் விழும். விளம்பரத்துக்கான உயரத்தை முன்பே ஒதுக்கி வைத்தால் இது நடக்காது.

எத்தனை விளம்பரம் வைக்கலாம்? பக்கத்துக்கு மூன்று என்ற பழைய வரம்பை 2016-இல் எடுத்துவிட்டார்கள். இன்னமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும் யூடியூப் ஆசான்கள் உண்டு. இப்போது எண்ணிக்கை இல்லை, உங்கள் எழுத்தைவிட விளம்பரம் மிஞ்சக் கூடாது என்பதுதான் விதி. இன்னும் திட்டமான அளவு வேண்டுமென்றால், நல்ல விளம்பரங்களுக்கான கூட்டமைப்பு ஒன்று தரநிலை வகுத்திருக்கிறது. போனில் முக்கிய உள்ளடக்கத்தின் உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் இருந்தால் அது தொல்லை என்கிறது. 2018 பிப்ரவரி 15 முதல் குரோம் உலாவி இந்தத் தரநிலையை வைத்து, தொடர்ந்து மீறும் தளங்களில் விளம்பரங்களையே வடிகட்டிவிடுகிறது. விளம்பர இடங்களைக் கூகுளே தேர்ந்தெடுக்கும் தானியங்கி விளம்பர வசதியை முழுதாகத் திறந்து விட்டிருந்தால், முன்னோட்டத்தில் பார்த்து அளவைக் குறையுங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு மூன்று விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சந்தேகத்தில் இருக்கும் கணக்கை அவர்கள் எல்லாக் கோணத்திலும் பார்ப்பார்கள்.

வயரிங் படங்கள் யாருடையவை? நீங்களே வரைந்தவை என்றால் கவலை இல்லை. நிறுவனங்களின் கையேட்டிலிருந்து வெட்டி எடுத்தவை என்றால், பதிப்புரிமையுள்ள பொருளை வைத்துச் சம்பாதிப்பதாக ஆகும். வரைந்து மாற்றுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். ‘பக்கம் இல்லை’ என்று சொல்லும் பிழைப் பக்கம், ‘நன்றி’ சொல்லும் பக்கம், பாதி எழுதி நிறுத்திய காலிப் பக்கம் போன்றவற்றில் விளம்பரம் வேண்டாம்.

தனியுரிமைக் கொள்கைப் பக்கம் ஒன்று கட்டாயம். விளம்பர நிறுவனங்கள் குக்கீ என்ற சிறு கோப்பை உலாவியில் வைத்து வாசகரின் வருகையை அறிகின்றன, அதை வைத்து விளம்பரம் காட்டுகின்றன என்பதை அதில் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களிலிருந்து வாசகர் வந்தால் அவருடைய ஒப்புதலைக் கேட்கும் பெட்டி வேண்டும். அதுவும் கூகுள் சான்றளித்த அமைப்பாக இருக்க வேண்டும் என்பது முதல் இரண்டுக்கும் 2024 ஜனவரி 16-இலும், சுவிட்சர்லாந்துக்கு அதே வருடம் ஜூலை 31-இலும் நடைமுறைக்கு வந்தது. பயப்பட வேண்டாம், ஆட்சென்ஸுக்குள்ளேயே இலவசமாக ஒன்று தருகிறார்கள். தனியுரிமை, செய்திகள் பகுதியில் போய் இயக்கினால் முடிந்தது.

உதிரி பாகங்களுக்கு அமேசான் மாதிரிக் கமிஷன் இணைப்புகள் வைத்திருந்தால், ஆட்சென்ஸோடு சேர்த்து வைக்கத் தடையில்லை. ஆனால் அங்கும் அதே கேள்விதான். உங்கள் இணைப்பில் நீங்களே வாங்கக் கூடாது, வீட்டில் இருப்பவர்கள் உங்களுக்காக வாங்கினாலும் கமிஷன் சேராது. இந்த இணைப்பில் வாங்கினால் எனக்குப் பணம் வரும் என்று வாசகருக்குத் தெரிகிற இடத்தில் எழுத வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பது எழுதாததற்குச் சமம்.

விதிகளைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்காதீர்கள். கொள்கைகள் என்றும் கட்டுப்பாடுகள் என்றும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் (உங்கள் கணக்குக்கு வந்த கட்டுப்பாடு வேறு). முதலாவதை மீறும் பக்கத்தில் விளம்பரம் வைக்கவே கூடாது. இரண்டாவதில் வருவது தடை இல்லை. அந்த மாதிரிப் பக்கங்களை விரும்பும் விளம்பரதாரர் குறைவு, அதனால் விளம்பரமும் குறையும், அவ்வளவுதான். கணக்குக்குள் கொள்கை மையம் என்ற பகுதியில், எந்தப் பக்கத்தில் என்ன குறை என்று அவர்களே காட்டுவார்கள். அதைத் திருத்திவிட்டு மறுஆய்வு கேட்கலாம். திருத்தாமல் கேட்டுப் பார்ப்போமே என்று அனுப்புவது வீண். மாதம் ஒரு தடவை அங்கே எட்டிப் பாருங்கள்.

இனி, நடக்கக் கூடாதது நடந்து கணக்கு மூடப்பட்டால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். அப்போது மேல்முறையீட்டுப் படிவம் கிடைக்கும். ஒரு முறை முடிவு சொல்லிவிட்டால் அடுத்த மனுவைப் பார்க்காமலே விடலாம், அதனால் கோபத்தில் அன்றைக்கே எழுதாதீர்கள். “நான் எதுவும் செய்யவில்லை, என் குடும்பம் இதை நம்பித்தான் இருக்கிறது” என்று எழுதுபவர்களே அதிகம். படிப்பவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. நீங்கள் எனக்கு எழுதியதையே எழுதுங்கள். இன்ன தேதியில் ட்ராஃபிக் வாங்கினேன், இன்ன மூலங்களிலிருந்து வந்தது, இன்ன தேதியில் நிறுத்தினேன். உறவினர் ஒருவர் கிளிக் செய்யச் சொன்னார், அதை நீக்கவைத்தேன். டவுன்லோடு பட்டன் அருகே இருந்த விளம்பரத்தை எடுத்தேன். இனி இதைக் கண்காணிக்க இன்னது செய்கிறேன். அனலிட்டிக்ஸ் பட்டியலைக் குறித்துவைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கட்டுப்பாடு இருக்கும் இந்த நாட்களில் வருமானத் திரையைத் தினமும் பத்துத் தடவை திறந்து பார்க்க வேண்டாம். கட்டுரை எழுதுங்கள். உங்கள் மனைவிக்கு வேறொரு வேலை இருக்கிறது. வயரிங் படம் உள்ள பக்கத்தைப் போனில் திறந்து அவர் கையில் கொடுத்து, டவுன்லோடு செய்ய எங்கே தொட வேண்டும் என்று கேளுங்கள். திரையைத் தொட வேண்டாம், சற்று மேலே விரலை நிறுத்திக் காட்டினால் போதும். அவர் ஒரு நொடி தயங்கினாலும், இரண்டு பட்டன்களில் எது என்று உங்களைப் பார்த்தாலும், அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை மாற்றி அமையுங்கள்.